அளவெடுத்து வாங்க வேண்டிய வண்டி: பதின்வயதுப் பிள்ளைக்கு எந்த ஏ.டி.வி.?

பள்ளிச் சீருடை எடுக்கும்போது நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. "வளர்கிற பிள்ளை" என்று சொல்லி ஓர் அளவு பெரிதாக எடுப்பார்கள். கால்சட்டையின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, ஆண்டுதோறும் இரண்டு விரற்கடை பிரித்துவிடுவார்கள். செருப்பும் சைக்கிளும் இதே கணக்கில்தான் வீட்டுக்கு வரும். சிக்கனமான, நல்ல கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கைக் கொண்டுபோகவே கூடாத பொருள் ஒன்று உண்டென்றால், அது ஏ.டி.வி.தான். பருத்த நான்கு டயர்களும் மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரும் கொண்ட அந்தக் காட்டுவழி வண்டியை ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் குவாட் பைக் என்று அழைக்கிறார்கள்.

அமெரிக்காவின் டெக்சஸில் சில ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கும் என் சித்தி மகன் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணா, பையனுக்குப் பதினான்கு வயது ஆகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டுகிறார்கள். 400 சிசி வண்டி ஒன்று பழையது, நல்ல விலைக்கு வருகிறது. இப்போது கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் இரண்டு வருடத்தில் அவன் அளவுக்கு வந்துவிடும். வாங்கிவிடட்டுமா?" வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். காரணத்தைச் சொல்லி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் இயல்பு புரிய வேண்டும். ஏ.டி.வி.யைப் பார்த்ததும், நான்கு சக்கரம் இருப்பதால் பைக்கைவிடப் பாதுகாப்பானது என்று தோன்றும். நின்றுகொண்டிருக்கும்போது அது உண்மை. ஓடத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. பைக் வளைவில் உள்பக்கம் சாய்ந்து தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும். ஏ.டி.வி. சாயாது. கார் சாயாவிட்டாலும் அது அகலமானது, தாழ்வானது. ஏ.டி.வி. குறுகலானது, தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்பது. அதன் மேல் குதிரையில் அமர்வதுபோல் மனிதர் அமர்கிறார். ஆகவே ஈர்ப்பு மையம் இன்னும் மேலே போகிறது. வேகமான வளைவிலும் பக்கச் சரிவிலும் அது கவிழப் பார்ப்பது அதன் பிறவிக் குணம்.

அந்தக் குணத்தை அடக்கி வைப்பது ஓட்டுபவரின் உடம்பு. வளைவில் உள்பக்கம் சாய வேண்டும். மேட்டில் ஏறும்போது முன்னால் நகர வேண்டும், இறக்கத்தில் பின்னால் போக வேண்டும். பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் எடையைப் போட வேண்டும். ஏ.டி.வி.யின் சீட் ஏன் அவ்வளவு நீளம் என்று பலருக்கும் கேள்வி வரும். இரண்டாவது ஆளுக்காக என்று நினைத்துத் தம்பியையும் ஏற்றிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக விடப்பட்டது. பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் நகர இடமில்லை, வண்டியை அடக்கும் ஒரே கருவியும் போய்விட்டது. இருவர் செல்வதற்கென்றே நீளமாகத் தயாரிக்கப்பட்ட சில வகைகளைத் தவிர, ஏ.டி.வி. ஒருவர் வண்டி.

இதோடு இன்னொரு சிக்கல் பின் அச்சில் இருக்கிறது. கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு அதற்கு இடம் கொடுக்கிறது. சிறுவர்களுக்கான ஏ.டி.வி.கள், பந்தய வகை ஏ.டி.வி.கள் ஆகியவற்றில் பெரும்பாலும் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பூட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். மண்ணில் டயர் வழுக்கிக்கொடுப்பதால் சமாளித்துவிடலாம். தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்ளும். வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும், பிறகு திடீரென்று திரும்பும். காற்றழுத்தமோ மிகக் குறைவு: கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் என்றால் இதில் பெரும்பாலும் 3 முதல் 5 வரைதான். அந்தத் தொளதொளப்பான டயர் தாரில் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏ.டி.வி. உயிரிழப்புகளில் பெரும் பங்கு காட்டில் நேர்வதல்ல, சாலையில் நேர்வது. பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே வண்டியில் எழுதி ஒட்டுகிறார்கள்.

இனி அந்த 400 சிசி வண்டிக்கு வருவோம். அந்த வகையில் நான்கு சக்கர இயக்கத்தோடு வரும் பண்ணை வண்டி சுமார் 265 கிலோ இருக்கும். பையன் 45 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வளைவில் தன் உடலை 20 சென்டிமீட்டர் உள்பக்கம் நகர்த்துகிறான். அவனும் வண்டியும் சேர்ந்த மொத்த எடையின் மையம் எவ்வளவு நகரும்? ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். அதே வண்டியில் 85 கிலோ எடையுள்ள அவன் அப்பா அதே அளவு நகர்ந்தால் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நகரும். இப்போது பையனை அவன் வயதுக்கான 120 கிலோ வண்டியில் ஏற்றுங்கள். அதே 20 சென்டிமீட்டர் நகர்வு மொத்த மையத்தை ஐந்தரை சென்டிமீட்டர் நகர்த்துகிறது. பெரிய வண்டியில் அவனுக்கு இருக்கும் ஆளுமையைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எத்தனை தைரியசாலியாக இருந்தாலும் எவ்வளவு பழகியிருந்தாலும் இந்தப் பெருக்கல் கணக்கை மாற்ற முடியாது.

எடை குறைந்தவர் மேலே உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் அவ்வளவாக உயராதே, அது நல்லதுதானே என்று இயற்பியல் தெரிந்தவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. வண்டி அசையாமல் நிற்கும்போது அந்த நன்மை இருக்கிறது. ஆனால் குழியில் ஒரு சக்கரம் இறங்கி வண்டி சாயத் தொடங்கும் அந்த அரை நொடியில் உதவுவது ஓட்டுபவர் கைவசம் இருக்கும் எதிர் எடை மட்டுமே. அது போதாமல் கவிழ்ந்துவிட்டால் 265 கிலோ அவன் மேல் இருக்கிறது. நெஞ்சின் மேல் விழுந்த வண்டியைத் தனியாகத் தள்ளி எழ ஒரு சிறுவனால் முடியாது. அழுந்திய நெஞ்சு விரியாமல் மூச்சு நின்றுபோவது இந்த விபத்துகளில் திரும்பத் திரும்பப் பதிவாகும் மரணக் காரணம். ஆஸ்திரேலியா இதை எண்ணித்தான் 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கான புதிய குவாட் பைக்குகளில் கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காதபடி தடுக்கும் பாதுகாப்புச் சட்டகம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அமெரிக்காவில் இந்த வண்டிகளின் வயது வரம்பு எப்படி உருவானது என்பது தெரிந்தால், கடையில் காணும் ஸ்டிக்கரின் பொருள் விளங்கும். 1970இல் ஹோண்டா மூன்று சக்கர வண்டி ஒன்றை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் யுஎஸ்90 என்று பெயர், பிறகு ஏடிசி90. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காத கடைக்காரர்களுக்கு விற்க ஒரு பொருள் வேண்டும் என்பதில் பிறந்த வண்டி அது. பத்து ஆண்டுகளில் குடும்பப் பொழுதுபோக்காகப் பரவியது. 1980களில் மருத்துவமனைகள் நிரம்பத் தொடங்கின. மூன்று சக்கர வண்டி முன்பக்கம் ஒற்றைக் காலில் நிற்பது; திருப்பினால் கவிழும். 1982இல் சுசுகி நான்கு சக்கர வண்டியோடு வந்தது. 1988 ஏப்ரலில், அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் முடிவாக, முன்னணி நிறுவனங்கள் நீதிமன்றத்தில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. எஞ்சின் அளவை வைத்து வயது வரம்பும் வந்தது: பன்னிரண்டு முதல் பதினைந்து வரை 90 சிசிக்கு மேல் கூடாது, அதற்கு மேற்பட்டது பதினாறு வயதானவர்களுக்கே.

"90 சிசி விதி" என்று இன்றும் பலர் வாயில் இருப்பது இதுதான். ஆனால் சிசி என்பது ஒரு தோராயமான அளவுகோல். எஞ்சினை எப்படி அமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே சிசி வண்டிகள் இரண்டு மாறுபட்ட வேகத்தில் ஓடலாம். இன்னொரு பக்கம், 90 சிசி என்று கட்டிப்போட்டதால், உயரமான பிள்ளைகளுக்குப் பொருந்தும் பெரிய உடலமைப்பில் வேகம் குறைந்த வண்டி செய்யவும் வழியில்லாமல் போனது. இதை உணர்ந்து, சிசியை விட்டுவிட்டு வேகத்தை அடிப்படையாக வைத்த தரநிலை ஒன்று உருவானது. 2008இல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தரநிலையைக் கட்டாயமாக்கியது.

இப்போது வண்டியில் ஒட்டியிருக்கும் வயதுக்குப் பின்னால் இருப்பது வேகம். பத்து வயதுக்கு மேல், பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று குறிக்கப்பட்டவை எவ்வளவு முறுக்கினாலும் மணிக்கு 48 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கடையிலிருந்து வெளியே வரும்போது 24 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பதினான்கு வயதுக்கு மேல், பெரியவர் கண்காணிப்பில் ஓட்டலாம் என்ற பிரிவு ஒன்று தனியாக இருக்கிறது. அதன் உச்சம் 61 கிலோமீட்டர். கடையிலிருந்து வருவது 32இல். அதற்கு மேற்பட்ட எல்லாமே பதினாறு வயதானவர்களுக்கு உரியவை. என் தம்பி பார்த்த 400 சிசி வண்டி 80 கிலோமீட்டர் அளவுக்குப் போகக்கூடியது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். 24இல் பயப்பட்டுக் கற்க வேண்டிய பாடத்தை 80இல் கற்றுக்கொள்ள முடியாது.

அதே 2008 சட்டத்தில் நேர்ந்த ஒரு விபரீதத்தையும் சொல்லியாக வேண்டும். பொம்மைகளில் ஈயம் கலந்திருப்பதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் முதன்மையாக வந்தது. பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்கான எல்லாப் பொருள்களுக்கும் அந்த ஈய வரம்பு பொருந்தியதால், 2009 பிப்ரவரியில் சிறுவர் ஏ.டி.வி.களும் அதில் மாட்டிக்கொண்டன. பேட்டரி முனையிலும் டயர் வால்விலும் ஈயம் இருக்கிறது. குழந்தை அதை வாயில் வைக்கப்போவதில்லை என்றாலும் சட்டத்துக்கு முன் எல்லாம் ஒன்றுதான். கடைகள் சிறுவர் வண்டிகளைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டன. சின்ன வண்டி கிடைக்காவிட்டால் பெற்றோர் பெரிய வண்டியில் பிள்ளையை ஏற்றிவிடுவார்கள் என்ற அச்சம் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தையே உலுக்கியது. சில மாதங்களில் ஆணையம் அமலாக்கத்தை நிறுத்திவைத்தது. 2011 ஆகஸ்டில் காங்கிரஸ் திருத்தம் கொண்டுவந்து விலக்களித்தது. ஈயத்தைவிட அளவு தவறிய வண்டி ஆபத்தானது என்று ஒரு நாடே முடிவு செய்த தருணமாக நான் இதைப் பார்க்கிறேன்.

ஆனால் விதி எழுதப்பட்டதாலேயே கடை வாசலில் அது காக்கப்படுகிறது என்று நம்பிவிடாதீர்கள். பெரியவர் வண்டியைச் சிறுவருக்கென்று தெரிந்தே விற்கக் கூடாது என்று நிறுவனங்கள் விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. 2010இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் அடையாளம் காட்டாமல் பத்துக் கடைகளுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தது. ஏழு கடைகள் பிள்ளைக்கென்று தெரிந்தும் பெரிய வண்டியை விற்கத் தயாராக இருந்தன. தனியார் கையிலிருந்து பழைய வண்டி வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட ஆளில்லை.

மருத்துவர்கள் சொல்வது இதைவிடக் கடுமையானது. பதினாறு வயதுக்கு உட்பட்ட எவரும் எந்த அளவு ஏ.டி.வி.யையும் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. கனடாவின் குழந்தைநல மருத்துவர் சங்கமும் அதையே சொல்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆணையம் 1982 முதல் திரட்டிய பதிவுகளில் பதினாறு வயதுக்கு உட்பட்டோரின் ஏ.டி.வி. மரணங்கள் மட்டும் 3,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களுக்கான வண்டியில் இருந்தவர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2006இல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தபின் பெற்றோர் போராடி, 2010இல் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் ஓட்டுவதையே பெரும்பாலும் தடை செய்யும் சட்டம் வந்தது. எல்லா மாநிலமும் அப்படி இல்லை. தனியார் நிலத்தில் எந்த வரம்பும் இல்லாத மாநிலங்கள் பல.

மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், நிறுவனங்கள் அளவானதை வாங்குங்கள் என்கின்றன. நடுவில் நிற்கும் பெற்றோர் என்ன செய்வது? என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் ஏ.டி.வி. தேவையே இல்லை, பையனின் ஆசை மட்டும்தான் என்றால், பதினாறு வரை காத்திருப்பது நல்லது. பண்ணை வீட்டில், சுற்றிலும் எல்லாரும் ஓட்டும் ஊரில், தடுத்தால் நண்பன் வண்டியில் ஏறிவிடுவான் என்ற நிலை இருந்தால், அளவான வண்டியும் முறையான பயிற்சியும் கண்காணிப்பும் சேர்ந்த வழி அடுத்த நல்லது. பெரிய வண்டி என்ற மூன்றாவது வழி எனக்குத் தெரிந்து எந்த நிலைமைக்கும் பொருந்தாது.

பதினான்கு, பதினைந்து வயதில்தான் சந்தையில் பெரிய ஓட்டை இருக்கிறது. பத்து, பன்னிரண்டு வயதுக்கு யமஹா ராப்டர் 90, சுசுகி குவாட்ஸ்போர்ட் இசட்90, கவாசாகி கேஎஃப்எக்ஸ்90, போலாரிஸ் அவுட்லா 110 என்று வரிசையாக வந்திருக்கின்றன. பதினாறுக்கு மேல் கணக்கே இல்லை. நடுவில் உள்ள பதினான்கு வயதுப் பிரிவுக்கென்று வந்தவற்றில் போலாரிஸ் ஃபீனிக்ஸ் 200, கேன்-ஆம் டிஎஸ் 250 போல விரல்விட்டு எண்ணக்கூடியவையே. இரண்டு வருடம் மட்டும் பொருந்தும் வண்டியை வாங்கப் பெற்றோர் தயங்குகிறார்கள். வாங்க ஆளில்லாததால் செய்யவும் நிறுவனங்கள் தயங்குகின்றன. அந்த இடைவெளியில்தான் "இன்னும் இரண்டு வருடத்தில் சரியாகிவிடும்" என்ற பேச்சு நுழைகிறது.

ஆகவே பதினான்கு வயதில் கடைசி முடிவை ஸ்டிக்கரிடம் விடாமல் பிள்ளையின் உடம்பைப் பார்த்து எடுக்க வேண்டும். பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அவனை வீட்டில் விட்டுவிட்டுப் பிறந்தநாளுக்குத் திடீர்ப் பரிசாகக் கொண்டுவந்து நிறுத்தும் ஆசை வேண்டாம். ஓட்டும்போது போடப்போகிற பூட்ஸையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்கட்டும். சீட்டுக்கும் கால்சட்டையின் கவட்டைக்கும் இடையே மூன்று முதல் ஆறு அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மேடுபள்ளத்தில் எழுந்து நின்று அதிர்ச்சியைத் தாங்க இடமில்லை. சீட் அவனைத் தூக்கி எறியும். மிக அதிகமானால் வண்டி அவனுக்குச் சிறிது.

உட்கார்ந்த நிலையில் தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முழங்கால் மேலே ஏறி நின்றால், ஹேண்டில்பாரைத் திருப்பும்போது அது முழங்காலில் இடிக்கும். திருப்பம் பாதியிலேயே நின்றுவிடும். பதின்மூன்று வயதிலேயே ஐந்தே முக்கால் அடி வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு 90 சிசி வண்டிகளில் நேர்வது இதுதான். சிறிய வண்டியும் ஆபத்துதான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 110 சிசி வகைகளில் சில அதே வேக வரம்புக்குள் சற்றுப் பெரிய உடலமைப்போடு வருவதால், வளர்த்தியான பிள்ளைகளுக்கு முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்வேன்.

பிறகு கைகள். ஹேண்டில்பாரை இடது கோடி வரை திருப்பச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்டும் விசையான திராட்டிலை வலது கட்டைவிரல் அப்போதும் எட்டி அழுத்த வேண்டும். வலது கோடிக்குத் திருப்பியும் பாருங்கள். ஏ.டி.வி.யில் பைக் போலக் கையை முறுக்குவதில்லை, கட்டைவிரலால் அழுத்துகிறோம். குலுங்கும்போது கை இறுகினாலும் வேகம் கூடிவிடாதபடி இந்த ஏற்பாடு உதவுகிறது. ஆனால் விரல் எட்டாதவன் பிடியைத் தளர்த்தி எட்டப் பார்ப்பான், அங்கே தவறு தொடங்கும். அடுத்து விரல்களை நீட்டிப் பிரேக் பிடியின் மேல் வைக்கட்டும். நடுவிரலின் கடைசிக் கணு பிடியைத் தாண்டி முன்னால் போக வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் அவசரத்தில் அழுத்தப் பலம் இராது. முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைப்பாக நீண்டிருந்தால், திருப்பத்தில் வண்டி அவனை இழுத்துக்கொண்டு போகும். வலது கால் கணுவை மடக்காமல் பின் பிரேக்கை மிதிக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற்றுங்கள். விற்பனையாளர் பொறுமையிழந்தால் இழக்கட்டும்.

உடம்பு பொருந்திய பிறகு வண்டியின் கட்டுப்பாடுகள். வேகத்தைக் குறைக்கும் திருகு திராட்டில் அருகே இருக்கும். அதை உள்ளே முறுக்க முறுக்க விரல் எவ்வளவு அழுத்தினாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகாது. சில வண்டிகளில் இது மின்னணு முறையில், கடவுச்சொல்லோடு வருகிறது. அடுத்தது இழுவைக் கயிறு: ஒரு முனை வண்டியில், மறுமுனை ஓட்டுபவரிடம். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். சில வகைகளில் கயிற்றைப் பின்னால் நடந்துவரும் பெரியவரே பிடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் இழுத்து நிறுத்தலாம். முதல் நாள்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கியர் விஷயத்தில் பெற்றோரிடையே வாக்குவாதம் ஓயாது. சிறு வண்டிகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். தொடங்குபவருக்கு அதுதான் நல்லது. கண்ணும் மனமும் பாதையில் இருக்கும். ஹோண்டாவின் டிஆர்எக்ஸ்90எக்ஸ் நான்கு கியர்களும் தானியங்கிக் கிளட்சும் கொண்டது. கியர் மாற்றிப் பழக வேண்டியவனுக்குப் படியாக அமையும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பெல்ட்டில் ஓடும் சிறு ஆட்டோமேட்டிக் வண்டிகளில், இறக்கத்தில் திராட்டிலை விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சைக்கிள்போல உருண்டு வேகம் கூடும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடக்கத்திலிருந்தே இதமாகப் பிடிக்கப் பழக்க வேண்டும்.

இணையத்தில் அடையாளம் தெரியாத பெயர்களில் மிக மலிவாக வரும் சிறுவர் வண்டிகளைத் தொடாதீர்கள். வேகக் கட்டுப்பாடு இல்லை, நிறுத்து பிரேக் இல்லை, கூட்டாட்சித் தரநிலைக்கு உட்படவில்லை என்று பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட வண்டிகளைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கை வெளியிட்டுவருகிறது. அங்கே ஏ.டி.வி. விற்க வேண்டுமானால் நிறுவனம் ஆணையத்திடம் ஒரு செயல்திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். பழையதில் நல்ல பிராண்டு வாங்குவது, புதியதில் பெயரில்லாதது வாங்குவதைவிட மேல்.

பழைய வண்டியைப் பார்க்கும்போது முதலில் வேகத் திருகு இருக்கிறதா, அல்லது முந்தைய உரிமையாளர் கழற்றி எறிந்துவிட்டாரா என்று பாருங்கள். திராட்டிலை அழுத்திவிட்டால் உடனே திரும்பி வருகிறதா, ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தும் அப்படியே திரும்புகிறதா? முன்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? வயது எச்சரிக்கை ஸ்டிக்கர் முன் மட்காட்டில் இன்னும் இருக்கிறதா? எங்காவது தாத்தா காலத்து மூன்று சக்கர வண்டி கொட்டகையில் கிடந்தால் அதைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்ளலாம், பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. டயர் அழுத்தம் பார்க்கக் குறைந்த அளவைக் காட்டும் தனி அளவுமானி வாங்குங்கள். கார் அளவுமானியில் 3 பிஎஸ்ஐ சரியாகத் தெரியாது. ஒரு பக்கம் 2, மறுபக்கம் 5 என்று இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பையன் தன் கைத்தவறு என்று நினைத்துக்கொள்வான்.

பதினாறு ஆனவர்களுக்கு ஒரு சொல். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக நேரே 450, 700 சிசிக்குப் போக வேண்டாம். யமஹா ராப்டர் 700 போன்ற வண்டி தொழில்முறை ஓட்டுநரின் கையில் அழகானது. புதியவர் கையில் விரல் அசைவு ஒவ்வொன்றும் தண்டனையாகும். ஹோண்டா டிஆர்எக்ஸ்250எக்ஸ் வகையில் தொடங்கி ஓர் ஆண்டு ஓட்டட்டும். பண்ணை வேலைக்கு என்றால் எளிய 250 சிசி பண்ணை வண்டியே போதும்.

ஹெல்மெட்டைப் பற்றி வாதிடவே இடமில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் முத்திரை உள்ளது, தலைக்கு அளவானது, தாடையை மூடுவது. கண்ணாடி, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கை, முழுக்கால். பயிற்சிக்கு ஏ.டி.வி. சேஃப்டி இன்ஸ்டிட்யூட் நடத்தும் அரை நாள் வகுப்பு இருக்கிறது. பல முன்னணி நிறுவனங்களின் புதிய வண்டி வாங்கினால் குடும்பத்துக்கு அதைக் கட்டணமில்லாமல் தருகிறார்கள். பெற்றோரும் கூடவே சேர்ந்து கற்க வேண்டும். உடம்பை எப்படி நகர்த்துவது என்று அறியாத அப்பாவால், மகன் எங்கே தவறுகிறான் என்று கண்டுபிடிக்க முடியாது.

என் தம்பி அந்த 400 சிசியை வாங்கவில்லை. மூன்று கடைகள் ஏறி இறங்கி, பையனை ஒவ்வொன்றிலும் ஏற்றி இறக்கி, கடைசியில் 110 சிசி வண்டி ஒன்று எடுத்தார்கள். பையனுக்கு முதலில் முகம் வாடித்தான் போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வண்டி பெரிது. வகுப்புக்கு அப்பாவும் மகனும் சேர்ந்து போனார்கள். வீட்டின் பின்புறம் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து எட்டு வடிவத்தில் சுற்றுவதுதான் முதல் மாதம் முழுவதும். சாவி சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வேகத் திருகை வெளியே எடுப்பதற்கான ஸ்க்ரூடிரைவர் அவன் அம்மாவிடம். எட்டு வடிவில் ஒருமுறைகூடக் கூம்பை இடிக்காமல், உடம்பை உரிய பக்கம் சாய்த்து, பத்துச் சுற்று தொடர்ந்து வந்தால் திருகைக் கால் சுற்று தளர்த்துவதாக அவர்களுக்குள் பேச்சு. போன வாரம் கேட்டபோது ஏழாவது சுற்றில் இருந்தான்.